அட்டை விற்பனையும் சங்கத்தின் கணக்கும்

நமது விற்பனை நிலையங்களுக்கு வரும் வாடிக்கையாளருள் பலர் இன்று ரொக்கம் கொண்டு வருவதில்லை. துண்டு, கைக்குட்டை, ஒரு கிலோ மஞ்சள் போன்ற சிறு கொள்முதலுக்குக் கைப்பேசி வழியே யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்திவிடுகின்றனர். ஆனால் பட்டுச் சேலை, கலியாண ஜவுளி என்று தொகை பெருகும் பொழுது அவர்களுடைய கை கடன் அட்டையையே நாடுகிறது. "அட்டை வாங்கிக்கொள்வீர்களா?" என்னும் கேள்விக்கு "இல்லை" என்று விடை கூறும் நிலையத்தில், விரித்த சேலை மீண்டும் மடிக்கப்பட்டு அலமாரிக்குப் போகிறது. சரக்குத் தேங்கினால் அதை நெய்த அங்கத்தினருக்கு அடுத்த பாவு கிடைப்பதும் தாமதமாகும் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே அட்டையை ஏற்பதா, வேண்டாமா என்பது இன்று ஒரு கேள்வியே அன்று. எவரிடமிருந்து இயந்திரம் பெறுவது, எந்த நிபந்தனையின் பேரில் பெறுவது என்பதே நிர்வாகக் குழுவினர் ஆராய வேண்டிய பொருள். வங்கியின் பிரதிநிதியோ ஒரு தனி நிறுவனத்தின் ஊழியரோ வந்து, ஒரு பளபளப்பான காகிதத்தைக் காட்டி, "நூற்றுக்கு இவ்வளவுதான்" என்று கூறிக் கையெழுத்துக் கேட்கும் பொழுது, அந்த ஒரு சதவிகிதத்தை மட்டும் பார்த்து ஒப்பமிடுவோர் மிகப் பலர். அந்த எண் உண்மையின் ஒரு பகுதியே. மற்றப் பகுதிகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இதன் கனத்தை உணர வேண்டும். நூறு ரூபாய் விற்பனையில் நூல் விலை, கூலி, சாயம், வாடகை, சிப்பந்திச் சம்பளம் யாவும் போக எட்டு ரூபாய் மிஞ்சும் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சங்கம் அட்டைக் கட்டணமாக இரண்டு ரூபாய் கொடுத்தால், அது விற்பனையில் நூற்றில் இரண்டாகத் தோன்றினும், மிச்சத்தில் கால் பங்காகும். ஆண்டிறுதியில் போனஸாகவோ பங்கு ஈவாகவோ அங்கத்தினர் கைக்குப் போயிருக்க வேண்டிய தொகை அது. தள்ளுபடிக் காலத்தில் மிச்சம் இன்னும் மெலிந்திருக்கும். ஆனால் அட்டைக் கட்டணம் அதற்காகக் குறைவதில்லை.

அக்கட்டணம் எங்கே போகிறது? வாடிக்கையாளருக்கு அட்டை வழங்கிய வங்கி ஒன்று. நமக்கு இயந்திரம் வைத்த வங்கி ஒன்று. இரண்டையும் இணைக்கும் ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையம் ஒன்று. இவற்றுக்கிடையே சில வேளைகளில் ஒரு தனி நிறுவனம். இவர்கள் அனைவரும் பங்கிட்டுக்கொள்வதே வணிகர் தள்ளுபடிக் கட்டணம் என்றும் எம்.டி.ஆர். என்றும் வழங்கப்படுவது. கடன் அட்டையில் இதன் பெரும் பகுதி அட்டை வழங்கிய வங்கிக்கே சென்று சேர்கிறது. இது புதிய ஏற்பாடும் அன்று. 1950-ம் ஆண்டில் நியூயார்க் நகரில் தோன்றிய டைனர்ஸ் கிளப், தன் அட்டையை ஏற்ற உணவு விடுதிகளிடம் நூற்றுக்கு ஏழு வீதம் பிடித்தது. இன்று அந்த வீதம் வெகுவாக இறங்கியிருக்கிறது என்பது உண்மையே. எனினும் அதைக் கொடுப்பவர் அன்றும் இன்றும் விற்பவரே.

எல்லா அட்டைக்கும் ஒரே கட்டணம் இல்லை என்பது அடுத்துக் கவனிக்கற்பாலது. ரூபே டெபிட் அட்டைக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகர் கட்டணம் கிடையாது. ஏனைய டெபிட் அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி ஓர் உச்சவரம்பு விதித்திருக்கிறது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அவ்விதிப்படி, முந்திய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் விற்பனை செய்த வணிகரிடம், இயந்திரத்தின் வழி நடக்கும் விற்பனைக்கு நூற்றுக்கு 40 காசுக்கு மேல் பிடிக்கலாகாது. எத்துணைப் பெரிய விற்பனையாயினும் ஒரு தடவைக்கு 200 ரூபாயைத் தாண்டலாகாது. 20 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நூற்றுக்கு 90 காசு, ஒரு தடவைக்கு 1000 ரூபாய் என்பன வரம்புகள். சிறிய சங்கம் ஒன்று 60,000 ரூபாய்க்கு ஒரு கலியாணச் சேலையை விசா டெபிட் அட்டையில் விற்றால், 40 காசு வீதம் 240 ரூபாய் ஆகும் என்று எண்ணலாம். ஆனால் 200க்கு மேல் ஒரு காசும் பிடிக்க இடமில்லை. பட்டியலில் அதிகம் பிடித்திருந்தால் தயங்காது கேட்க வேண்டும். இக்கட்டணத்தை டெபிட் அட்டை வாடிக்கையாளர் தலையில் சுமத்துவதும் கூடாது. "அட்டை என்றால் நூற்றுக்கு இரண்டு சேர்த்துத் தரவேண்டும்" என்று சில கடைகளில் கேட்பதை நமது நிலையங்கள் பின்பற்ற வேண்டா. கடன் அட்டைக்கும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இதைத் தடுக்கவே செய்கின்றன.

கடன் அட்டைக்கு அத்தகைய உச்சவரம்பு கிடையாது. பேரத்துக்கு இடம் உள்ளதும் நமக்கு நட்டம் உண்டாவதும் அங்கேதான். ஆகவே எவரேனும் "எங்களிடம் டெபிட் அட்டைக்கு வெகு குறைவு, யு.பி.ஐ.க்குக் கட்டணமே இல்லை" என்று பெருமை பேசினால், அது சட்டம் கொடுத்த சலுகை, அவர் கொடுத்தது அன்று என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள், கடன் அட்டைக்கு என்ன வீதம், வெளிநாட்டு அட்டைக்கு என்ன வீதம், வணிக நிறுவனங்களின் பெயரில் வழங்கப்பெறும் அட்டைக்கு என்ன வீதம், மாதத் தவணை விற்பனைக்கு என்ன வீதம் என்பனவே. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறாக இருக்கும். காஞ்சிபுரம் போன்று வெளிநாட்டார் வந்து வாங்கும் ஊர்களில் இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது.

இனி வாடகை. இதில்தான் ஏமாற்றம் மிகுதி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 19 லட்சம் ரூபாய் விற்கும் நெசவாளர் சங்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் பத்து மாதங்கள் சாதாரண மாதங்கள். தீபாவளியை ஒட்டியும் தையை ஒட்டியும் இரண்டு மாதங்கள் விற்பனை மிகுந்தவை. கடன் அட்டையில் மட்டும் சாதாரண மாதத்தில் 20,000 ரூபாயும், பண்டிகை மாதத்தில் 1,20,000 ரூபாயும் விற்கின்றன. ஆண்டுக்குக் கடன் அட்டை விற்பனை 4,40,000 ரூபாய் ஆயிற்று. இப்பொழுது இருவர் வருகின்றனர். முதலாமவர் நூற்றுக்கு 1 ரூபாய் 80 காசு கேட்கிறார். இயந்திரத்துக்கு மாத வாடகை 500 ரூபாய். இரண்டாமவர் 2 ரூபாய் 50 காசு கேட்கிறார், வாடகை இல்லை. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விரு வீதங்களை மட்டும் படித்தால் எல்லோரும் முதலாமவருக்கே கை தூக்குவர்.

சாதாரண மாதத்தில் முதலாமவருக்குக் கட்டணம் 360, வாடகை 500, ஆக 860 ரூபாய். இரண்டாமவருக்கு 500 ரூபாய். பண்டிகை மாதத்தில் முதலாமவருக்கு 2,160ம் 500ம் சேர்ந்து 2,660, இரண்டாமவருக்கு 3,000. பண்டிகையில் முதலாமவர் மலிவு, மற்ற நாளில் இரண்டாமவர் மலிவு. ஆண்டு முழுவதும் கூட்டினால் முதலாமவருக்கு 13,920 ரூபாய். இரண்டாமவருக்கு 11,000 ரூபாய். நூற்றுக்கு 1 ரூபாய் 80 காசு என்று பெயர் சொன்னவர் உண்மையில் 3 ரூபாய் 16 காசு வாங்கியிருக்கிறார்! இவ்விரு நிபந்தனைகளும் சமமாவது ஆண்டுக் கடன் அட்டை விற்பனை ஏறக்குறைய 8 லட்சத்து 57 ஆயிரம் ரூபாயைத் தொடும்பொழுதுதான். அதற்கு மேல் விற்கும் பெரிய சங்கத்துக்கு முதலாமவரே உகந்தவர். ஆதலால் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு நல்லதாயிருந்த ஏற்பாடு நமக்கும் நல்லதாயிருக்கும் என்று கொள்வதற்கில்லை. நமது சிட்டாவையும் பேரேட்டையும் எடுத்து, சென்ற ஆண்டில் மாதவாரியாக ரொக்கம் எவ்வளவு, யு.பி.ஐ. எவ்வளவு, டெபிட் எவ்வளவு, கடன் அட்டை எவ்வளவு என்று நான்கு பத்திகளில் எழுதிக்கொண்ட பின்னரே எவரிடமும் பேசத் தொடங்க வேண்டும். இதுவரை அட்டையே வாங்காத சங்கம், அட்டை இல்லை என்பதால் திரும்பிச் சென்றோரின் கணக்கை ஒரு மாதம் குறித்து வைத்தால் போதும்.

அக்கணக்கு கையில் இருந்தால் பேரம் பேசவும் துணிவு வரும். மேற்கூறிய இரண்டாமவர் 2 ரூபாய் 50 காசை 2 ரூபாய் 20 காசாகக் குறைத்தால், அதே விற்பனைக்கு 9,680 ரூபாய் கொடுத்தால் போதும். தனிச் சங்கம் கேட்டால் இணங்காதவர், ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் பத்துச் சேர்ந்து கேட்டால் இணங்கக் கூடும். நூலை ஒன்றாகக் கொள்முதல் செய்யக் கற்ற நாம், இச்சேவையையும் ஒன்றாகக் கொள்முதல் செய்தால் என்ன? இவ்வியக்கத்தின் தத்துவமே அதுவன்றோ!

கட்டணத்தின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு, வாடகையின் மேலும் உண்டு. மேற்கண்ட கணக்கில் அதைச் சேர்த்தால் இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு 2,920 ரூபாயிலிருந்து 3,445 ரூபாய் 60 காசாக உயரும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள சங்கம் இவ்வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெற வழியுண்டு. பதிவில்லாத சிறு சங்கத்துக்கோ அது முற்றும் செலவே. ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்கு மேற்படாத அட்டை விற்பனையின் தீர்வுக் கட்டணத்துக்கு இவ்வரி விலக்கு உண்டு. வங்கிக்கு மட்டுமின்றி, ரிசர்வ் வங்கியின் ஒழுங்குக்கு உட்பட்ட பணம் திரட்டும் நிறுவனங்களுக்கும் இவ்விலக்கு பொருந்தும் என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவுபடுத்தியது. வாடகைக்கு அவ்விலக்கு இல்லை.

நிற்க. கட்டணத்துக்கு நிகரான மற்றொன்று, பணம் நமது கணக்கில் வந்து சேரும் நாள். விற்பனையன்று இயந்திரம் "வெற்றி" என்று காட்டியதும் பணம் வந்துவிட்டதாக எண்ணலாகாது. வழக்கமாக மறு வேலை நாளிலேயே தொகை வரவாகிறது. சனிக்கிழமை மாலை விற்ற சேலையின் பணம் திங்களுக்கோ செவ்வாய்க்கோ வரக்கூடும். இடையில் வங்கி விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். வாரக் கூலி பட்டுவாடா செய்யும் சங்கத்துக்கு இது சிறிய செய்தியன்று. விடுமுறை நாளிலும் வரவு வைக்கிறார்களா, நாளின் எந்த மணிக்குக் கணக்கை முடிக்கிறார்கள், கட்டணத்தைக் கழித்து அனுப்புகிறார்களா, மாத முடிவில் தனியே பிடிக்கிறார்களா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். "அன்றே வரவு" என்பதற்குச் சிலர் தனிக் கட்டணம் வாங்குகின்றனர். கூலி நாளுக்கு முன் தினத்தில் மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ள இடமுண்டா என்று கேட்பதே சிக்கனம். கழித்து அனுப்பும் முறையில் ஒரு தொல்லை உண்டு. விற்பனைச் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் வங்கி வரவும் ஒருநாளும் ஒத்துப்போகா. தணிக்கையாளர் முன் கணக்கர் திணறுவார். நாள்வாரியான தீர்வுப் பட்டியல் தரும் நிறுவனமே நமக்கு ஏற்றது.

பணம் எந்தக் கணக்கில் வரும் என்பதும் உண்டு. நமது சங்கங்கள் பலவற்றின் கணக்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. இயந்திரம் வைக்கும் வங்கி, "எங்களிடம் நடப்புக் கணக்குத் தொடங்கினால்தான் இந்த வீதம்" என்று கூறும். அக்கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கச் சொல்லும். 25,000 ரூபாய் வட்டியின்றி முடங்கிக் கிடக்குமானால், அதன் வட்டி இழப்பையும் கட்டணத்தோடு கூட்டுதல் வேண்டும். எந்தக் கணக்காயினும் அது சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அவசரத்துக்கென்று காரியதரிசியின் சொந்தக் கணக்கையோ விற்பனையாளரின் கைப்பேசி எண்ணையோ இணைத்து வைக்கும் வழக்கத்தை ஒருபொழுதும் அனுமதிக்கலாகாது. அவர் நாணயமானவராயிருப்பினும், நாளை பதவி மாறும் பொழுது சிக்கல் சங்கத்துக்கே.

சேவை தருவோர் இருவகைப்படுவர். வங்கி நேராக இயந்திரம் வைப்பது ஒரு வகை. பல வணிகர்களின் பணத்தைத் திரட்டி வாங்கிப் பின் அவரவர்க்குப் பங்கிட்டு அனுப்பும் தனி நிறுவனம் மற்றொரு வகை. பின்னவரிடம் நமது பணம் இடையில் சில மணி நேரமேனும் தங்குகிறது. ஆதலின் 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இணையவழி வணிகத்தில் இவர்களுக்கு ஒழுங்கு விதித்தது. அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பொழுது 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு இருத்தல் வேண்டும். வணிகர் பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாது ஒரு வங்கியில் தனிப் பொறுப்புக் கணக்கில் வைத்தல் வேண்டும். 2025 செப்டம்பர் 15-ல் வெளியான நெறிமுறைகள், கடையில் நேருக்கு நேர் நடக்கும் விற்பனைக்குப் பணம் திரட்டுவோரையும் இவ்வொழுங்குக்குள் கொண்டுவந்தன. அனுமதி பெற்றோரின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. வாசலில் வந்து நிற்பவரின் நிறுவனப் பெயர் அதில் உண்டா என்று பார்க்க ஐந்து நிமிடமாகும். வங்கியின் வீதம் குறைவாயும் சேவை மெதுவாயும் இருத்தலும், தனி நிறுவனத்தின் வீதம் சற்றுக் கூடுதலாயும் இயந்திரம் விரைவில் கிடைத்தலும் நாம் கண்டுவருவன. பழுதுபட்ட இயந்திரத்தை எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பது நகரத்தில் ஒரு விடை, சிற்றூரில் ஒரு விடை. அருகிலுள்ள கடைக்காரரைக் கேட்டால் உண்மை விளங்கும்.

இயந்திரத்தை வாங்குமுன் நமது நிலையத்துக்குள்ளேயே, கல்லாப் பெட்டி இருக்கும் இடத்தில் வைத்து ஒரு ரூபாய்க்கேனும் சோதித்துப் பார்க்க வேண்டும். தடித்த சுவருள்ள பழைய கட்டடங்களில் கைப்பேசி அலை எட்டாது. பண்டிகை நெரிசலில் விற்பனையாளர் இயந்திரத்தை ஏந்திக்கொண்டு தெருவுக்கு ஓடும் காட்சி நமக்குப் புதிதன்று. கைத்தறிக் கண்காட்சிக்கு வெளியூர் கொண்டு செல்ல அனுமதி உண்டா என்றும் அப்பொழுதே கேட்டுக்கொள்ளலாம்.

சிறிய சங்கங்களுக்கு நாம் ஒளிவின்றிக் கூறக்கூடியது ஒன்றுண்டு. மாதத்துக்கு நான்கைந்து கடன் அட்டை விற்பனை மட்டுமே உள்ள நிலையத்துக்கு வாடகை இயந்திரம் வேண்டியதே இல்லை. யு.பி.ஐ. குறியீட்டு அட்டை ஒன்றும், வாடகையற்ற எளிய ஏற்பாடு ஒன்றும் போதும். பணம் வந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கும் மாத வாடகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை, யு.பி.ஐ. இலவசம் என்று கூறிப் பெட்டிக்கு வாடகை வாங்கும் முறை அது. கூட்டம் மிகுந்த நிலையத்தில் அது பயனுள்ளதே. குறியீட்டு அட்டையின் மேல் பிறிதொருவர் தம் அட்டையை ஒட்டிச் செல்லும் மோசடி நடப்பதால், காலையில் நிலையம் திறந்ததும் அதை ஒருமுறை சரிபார்ப்பது விற்பனையாளர் கடமையாகட்டும்.

ஒப்பந்தத்தில் சிறு எழுத்தில் உள்ளவற்றைப் படிக்காமல் கையொப்பமிடலாகாது என்பது எல்லோரும் சொல்வதே. எதைத் தேடுவது என்று சொல்வார் குறைவு. எத்தனை மாதம் விலக முடியாது. முன்னரே விலகினால் என்ன தண்டம். குறிப்பிட்ட விற்பனை இல்லாத மாதத்தில் தனிக் கட்டணம் உண்டா. முன்பணம் திரும்ப வருமா. இயந்திரம் நமக்குச் சொந்தமா, வாடகையா. வீதத்தை அவர்கள் விருப்பப்படி உயர்த்த எத்தனை நாள் அறிவிப்புத் தரவேண்டும். வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பித் தந்தால் பிடித்த கட்டணம் திரும்புமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "திரும்பாது" என்பதே விடை. இயந்திரம் வைத்த சில மாதங்களில், "உங்கள் விற்பனையின் பேரில் கடன் தருகிறோம், நாள்தோறும் வரவில் கழித்துக்கொள்கிறோம்" என்ற அழைப்பும் வரும். அக்கடன் நிர்வாகக் குழுவின் தீர்மானமின்றி, கைப்பேசித் திரையில் ஒரு விரல் தொடுவதால் ஏற்கப்பட்டுவிடாதபடி ஆரம்பத்திலேயே தடுத்து வைத்தல் நலம்.

தொலைவிலுள்ள வாடிக்கையாளருக்குப் படம் அனுப்பிச் சேலை விற்கும் சங்கங்கள் பெருகியுள்ளன; மஞ்சளும் நாட்டுச் சர்க்கரையும் அவ்வாறே அஞ்சலிற் செல்கின்றன. அங்கே அட்டை நம் கண் முன் வருவதில்லை. பணம் செலுத்தும் இணைப்பை அனுப்புகிறோம். அதற்கு வீதம் வேறு. மேலும், "சரக்கு வரவில்லை" என்றோ "படத்தில் கண்ட நிறம் இல்லை" என்றோ வாங்கியவர் தம் வங்கியில் முறையிட்டால், தொகை நமது வரவிலிருந்து திரும்பப் பிடிக்கப்படலாம். மறுப்புக் கூற நமக்குச் சில நாட்களே அவகாசம் தருவர். அஞ்சல் ரசீது, பெற்றுக்கொண்டதற்கான சான்று, அனுப்புமுன் எடுத்த படம் ஆகியவை இருந்தால் மறுப்பு நிற்கும். கடையில் வாடிக்கையாளரே இரகசிய எண்ணை அழுத்திச் செய்யும் விற்பனையில் இத்தகைய தகராறு அரிது. எனினும் இயந்திரம் தரும் சீட்டை விற்பனைப் பட்டியலோடு இணைத்து வைத்தல் வேண்டும். அச்சீட்டு மையால் அச்சிடப்படுவதன்று. வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாள். நமது நிலையங்களின் சூட்டில் அது சில மாதங்களிலேயே வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். பெருந்தொகைச் சீட்டுகளை அன்றன்றே நகலெடுத்தோ, கைப்பேசியிற் படம் பிடித்தோ, பட்டியல் எண்ணைக் குறித்து வைப்பது கணக்கரின் நாள்வேலையில் ஒன்றாகச் சேர வேண்டும்.